கோட்டுப் போட்ட ஆடு

தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் ஒரு ஆடு கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். வார்த்தை மாறாமல் இங்கே எழுதிவைக்கிறேன்.

பழுப்பு நிறக் கோட்டு. முன்னங்கால்கள் இரண்டும் கைகளுக்குள் நுழைந்து வெளியே வந்திருந்தன. பொத்தான்களை வயிற்றுக்கு அடியில் ஒழுங்காகப் பூட்டியிருந்தார்கள். வெளியே விடியலிலிருந்து தூறல் விடவில்லை. ஆபீஸுக்குள்ளிருந்து மை வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன. ஆடு எதையும் சட்டை செய்யாமல், கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி போல நின்றது.

ஆட்டின் கயிற்றைப் பிடித்தபடி ராக்கம்மாக்கா. கொழுந்தெடுக்கிறவள். உள்ளே மேசையருகில் கணக்கப்பிள்ளை. மலையில் பெண்களை வரிசை வரிசையாக நிரை பிரித்துவிட்டு வேலை வாங்குகிற உத்தியோகம் அவருடையது. அவரும் பழுப்பு நிறக் கோட்டுத்தான் போட்டிருந்தார்.

நடுவில் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆபீஸ் கிளாக்கர் ஐயா லீவில் யாழ்ப்பாணம் போயிருந்ததால், தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

விசாரணை இதுதான்: ராக்கம்மாக்கா தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வைத்துத் திட்டியது கணக்கப்பிள்ளையையா, தன் ஆட்டையா? ஆட்டை என்றால் ஒன்றுமில்லை. கணக்கப்பிள்ளையை என்றால், வேலையை விட்டு நிறுத்துகிற பத்துச்சீட்டு. வேலை போவதோடு அது நிற்காது. குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும். புருஷன், சட்டி பானை, ஆடு எல்லாவற்றோடும் அந்த மழையில் ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

கோழியும் நாயும்

சாடை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு கோடியில் இருமினால் மறு கோடியில் கஷாயம் போடுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பக்கத்து வீட்டுக்காரியோடு முகத்துக்கு முகம் சண்டை போட்டுவிட்டு, மறுநாள் காலையில் அவளிடமே போய் நெருப்பு கேட்க முடியுமா? முடியாது. ஆனால் சண்டை போடாமலும் இருக்க முடியாது. அதற்காக ஏற்பட்டதுதான் சாடை. திட்ட வேண்டிய ஆள் காதில் விழுகிற தூரத்தில் இருக்க வேண்டும். திட்டு மட்டும் கோழிக்கோ நாய்க்கோ போக வேண்டும்.

கேட்கிற ஆள் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் தோற்றுப்போன மாதிரி. "நான் எங்க கோழியத்தான் சொன்னேன், ஒனக்கு ஏன் ஒறைக்குது?" என்று ஒரே கேள்வியில் கதை முடிந்துவிடும். ரோஷம் பொறுக்க முடியாதவர்கள் தங்கள் வீட்டு நாயைக் கூப்பிட்டு, அதற்குச் சொல்வது போலப் பதில் கொடுக்கலாம். நான் அங்கே போன புதிதில், ஒரு சாயந்தரம் முழுக்க ஒரு கோழிக்கும் ஒரு நாய்க்கும் நடந்த சண்டையைக் கேட்டேன். கோழியும் நாயும் அந்தப் பக்கத்திலேயே இல்லை.

இதையெல்லாம் நான் ஏற்கெனவே படித்திருந்தேன் என்பதுதான் வேடிக்கை. பயிற்சிக் கல்லூரியில் எங்கள் தமிழ் வாத்தியார் மேசையைத் தட்டித் தட்டி அணியிலக்கணம் நடத்துவார். சொல்ல வந்ததை மறைத்து, அதைப் போன்ற இன்னொன்றைச் சொல்லிப் புரியவைப்பது பிறிது மொழிதல் அணி. உருப்போட்டு எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். அதெல்லாம் ராஜசபைகளில் புலவர்கள் செய்கிற காரியம் என்பது என் எண்ணம்.

மலையிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் இறக்கிவிட்டிருக்கும் இடத்தைப் பீலி என்போம். முதல் முறை அங்கே ராக்கம்மாக்கா சாடை பேசுவதைக் கேட்டபோது, என் வாளி நிரம்பி வழிந்தது தெரியாமல் நின்றுவிட்டேன்.

"என்னா டீச்சரம்மா, பேய் புடிச்சாப்ல நிக்கிறீங்க?"

"அக்கா, நீங்க பேசுறதுக்கு இலக்கணத்துல பேரே இருக்கு. பிறிது மொழிதல்."

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"பேரு வச்சவங்க எந்த லயத்துல இருந்தாங்க?"

அவரைப் பந்தல்

ஒவ்வொரு லயத்துக்குப் பின்னாலும் துண்டு துண்டாக நிலம் உண்டு. அதில் அவரை, பூசணி, கோவா, லீக்ஸ் என்று அவரவர் கைக்கு வந்ததைப் போட்டிருப்பார்கள். மலையில் கூடை சுமந்துவிட்டு வந்து, இருட்டுவதற்குள் குனிந்து களை பிடுங்கி வளர்த்தவை.

கணக்கப்பிள்ளைக்குச் சாயந்தரங்களில் லயத்துப் பக்கம் உலாத்துகிற பழக்கம். "அட, இளசா இருக்கே!" என்பார். கை பந்தலுக்குள் போகும். அந்தக் கோட்டில் இரண்டு பெரிய பைகள் இருந்தன. வரும்போது தட்டையாக இருக்கும் பைகள் திரும்பும்போது புடைத்திருக்கும். கேட்பதும் கிடையாது, கொடுப்பதும் கிடையாது. யாராவது முகம் சுளித்தால் மறுநாள் அவர்களுக்கு அட்டைக்கடியும் பாறையுமாக இருக்கிற செங்குத்து நிரைதான். துரை வந்துவிட்டாலோ, கையைக் கட்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் போல ஒரு முகம் வைத்துக்கொள்வார். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

ராக்கம்மாக்காவின் பந்தலில் முதல் காய்ப்பு. விருந்தாளி வருகிறார்கள் என்று பறிக்காமல் விட்டுவைத்திருந்தாள். ஒரு சாயந்தரத்தில் பந்தல் மொட்டையாகிவிட்டது. மறுநாளே பீலிக்கரையில் அவளுடைய ஆடு ராணிக்குத் திட்டு விழ ஆரம்பித்தது.

"ஏன்டி ராணி! ஊரான் பந்தல்லயே ஒனக்கு வாய் போவுதே, ஒனக்குன்னு ஒரு பந்தல் இல்லையாடி? மேயிறதையும் மேஞ்சிட்டு, தொரையக் கண்டா மட்டும் வெரதம் இருக்கிறவ மாதிரி மூஞ்சிய வச்சிக்கிற!"

ராணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குப் பாவம் பிடிக்கும். அவ்வளவு நல்ல ஆட்டை நான் பார்த்ததில்லை. எப்போதும் கட்டின இடத்திலேயே கிடக்கும். முள்முருக்கு இலையைத் தவிர எதையும் தொடாது. அதையும் மூக்குக்கு நேராகக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒருநாள் ஆசைக்கு ஒரு அவரைக்காயை நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கணக்கப்பிள்ளை பல நாள் பொறுத்தார். அவரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான், சாடையின் சட்டம் தெரிந்தவர். ஆனால் அவருக்குப் புதுப் பெண்டாட்டி வாய்த்திருந்தாள், மாத்தளை டவுனில் வளர்ந்தவள். அவள் ஒருநாள் பீலிக்கு வந்து, சுற்றி நின்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து, "அது யாரு அந்த ஆடு?" என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டாள். எல்லாரும் மலையைப் பார்த்தார்கள், மழை வருமா என்று பார்த்தார்கள். அவள் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடமே அதைக் கேட்டிருக்கிறாள்.

அதற்கு அடுத்த நாள்தான் ராக்கம்மாக்காவுக்கும் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"இந்த லட்சணத்துல ஒனக்கு ஒரு கோட்டு வேறயாடி? பை வச்ச கோட்டு! பை நெறைய மேயலாம்ல!"

மேல்பாதையிலிருந்து கணக்கப்பிள்ளையின் சத்தம் வந்தது. "யாரடி ஆடுங்குற?"

ராக்கம்மாக்கா குடத்தைக் கீழே வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னாள்: "நான் எங்க ஆட்டச் சொன்னேங்க ஐயா."

லயத்தில் பிறந்த ஒருவர் சாடைக்கு நேரடியாகப் பதில் சொன்னதை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. சொல்லிவிட்ட பிறகு அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. நேராகத் துரையிடம் போனார்.

சாட்சிக்கு வந்த ராணி

துரைக்குத் தமிழ் தெரியும். அதாவது கொழுந்தெடுக்கச் சொல்லவும், மழையைப் பற்றிப் பேசவும், ஆட்களை விரட்டவும் போதுமான தமிழ். அதற்கு மேல் போனால் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார். வழக்கைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஆடு கொண்டா."

அப்படித்தான் ராணி ஆபீஸுக்கு வந்தது.

கணக்கப்பிள்ளை கோட்டு விஷயத்தைத்தான் பெரிதாக நம்பியிருந்தார். ஆடு வந்து நின்ற கோலத்தைப் பார்க்காமல், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஆரம்பித்தார். "ஆடு எங்கயாச்சும் கோட்டுப் போடுமா தொரை? இவ கோட்டுப் போட்ட ஆடுன்னு திட்டுனா. இந்தத் தோட்டத்துல நெதமும் கோட்டுப் போடுறது ரெண்டே பேருதான். ஒண்ணு நானு. இன்னொண்ணு தொரை."

இதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். துரையின் புருவம் மேலே போனது. கணக்கப்பிள்ளைக்குத் தான் சொன்னது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "ஐயையோ, தொரையச் சொல்லலீங்க!" என்று பதறினார்.

துரை எழுந்து வராந்தாவை எட்டிப் பார்த்தார். ஆடு நின்றது, பழுப்புக் கோட்டில். திரும்பிக் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார், பழுப்புக் கோட்டில். மறுபடியும் ஆட்டைப் பார்த்தார்.

"குளுருக்குப் போட்டு வுட்டேங்க தொரை," என்றாள் ராக்கம்மாக்கா. "வாயில்லா சீவன்."

அது அவள் புருஷன் முத்தையா கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்ட கோட்டு. ஆட்டுக்கு அளவாகப் பிடித்துத் தைத்திருந்தாள். கடைசிப் பொத்தானில் நூலோடு ஊசி இன்னும் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். துரை பார்த்தாரோ என்னவோ தெரியாது. முத்தையா அண்ணன் வராந்தாத் தூணோரம் நின்றிருந்தார். வாழ்நாளில் மொத்தமாகப் பத்து வாக்கியம் பேசியிருப்பார். அன்றைக்கு ஒன்று பேசினார்: "நல்லாத்தான் இருக்கு."

"ஆட்டுக்குப் பெயர் என்ன?" என்று துரை என்னிடம் கேட்டார்.

அவர் தலைக்கு மேல் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மகாராணியின் படம் மாட்டியிருந்தது. "பெயர் வைக்கவில்லையாம்," என்றேன். ராக்கம்மாக்காவுக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

பிறகுதான் எனக்குச் சோதனை வந்தது. துரை பைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் குறிப்பது உங்கள் ஜனங்களிடம் உண்டா, நீங்கள் படித்தவர், சொல்லுங்கள் என்றார்.

உண்டு என்றால் ராக்கம்மாக்கா ரோட்டில் நிற்பாள். இல்லை என்றால், இலக்கணம் படித்து, அவள் பேச்சுக்குப் பெயரும் சொன்ன நானே அதை இல்லையென்று சொன்னதாகும்.

"இலக்கியத்தில் உண்டு, துரை. புலவர்கள் அப்படிப் பாடுவார்கள்."

"இந்தப் பெண் புலவரா?"

"கொழுந்தெடுக்கிறவர், துரை."

துரை தலையை ஆட்டினார். பிறகு கணக்கப்பிள்ளையைத் தமிழிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஆடு மத்த ஆள் அவரை தின்னது. நீ மத்த ஆள் அவரை தின்னது?"

"ஐயோ, இல்லீங்க தொரை!"

"ஆடு என்னைக் கண்டா நல்ல மூஞ்சி வைக்கிறது. நீ என்னைக் கண்டா நல்ல மூஞ்சி வைக்கிறது?"

கணக்கப்பிள்ளை அந்த நேரத்திலும் அந்த முகத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தார். "இல்லீங்க தொரை."

"அப்ப ஆடு நீ இல்லை. போ."

வென்றுவிடலாம் என்று வந்த மனுஷன், கண்ணெதிரே வழக்குக் கைநழுவிப் போவதைப் பார்த்தார். வீட்டில் பெண்டாட்டி வேறு காத்திருக்கிறாள். ஆத்திரத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு, வெளியே கூடையோடு நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்:

"அந்த ஆடு நான்தாங்க தொரை! ஊருக்கே தெரியும்!"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அந்தப் பெண்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு வலிக்கும். ஒருத்தி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

துரை பைப்பைப் பற்றவைக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு ராக்கம்மாக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

"இந்த ஆடு அவரை தின்னது? நெசமா?"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு தின்றது யார் என்பது. அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. பதில் எதிரே கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. பத்துச்சீட்டு மேசைமேல் இருந்தது. அவள் ராணியைப் பார்த்தாள். ராணி, கட்டித் தொங்கவிடாத எதையும் தின்னாத ராணி, தூணை மோந்துகொண்டிருந்தது.

"ஆமாங்க தொரை," என்றாள். "இதுதான் மேஞ்சிச்சு."

தீர்ப்புச் சொன்னார் துரை. பத்துச்சீட்டு இல்லை. ஆனால் அடுத்தவர் பந்தலில் மேய்கிற ஆட்டை லயத்தில் வைத்திருக்க முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் தோட்டத்தை விட்டு வெளியேற்றிவிட வேண்டும்.

இதையும் நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

துரைக்கு எல்லாம் புரிந்ததா, ஒன்றுமே புரியவில்லையா? இத்தனை வருஷமாக யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்திருந்தால் புரிந்தது என்று சொல்லிவிடலாம். சிரிக்கவில்லை.

ஆடு இல்லாத தோட்டம்

இதற்குப் பிறகு கணக்கப்பிள்ளைக்கு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். அவருடைய சாயந்தர உலாத்தல் நின்றது. ஆட்டை ஓட்டியாகிவிட்டது. இனி ஒரு அவரைக்காய் காணாமல் போனாலும், தோட்டத்தில் மிச்சமிருக்கிற ஆடு எது என்று எல்லாருக்கும் தெரியும். அவரே அல்லவா துரையின் முன்னால் சத்தம் போட்டுச் சொன்னார்? கோட்டையும் கழற்றிவிட்டார். மார்கழிக் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு மலைக்கு வருவார். அவர் பெண்டாட்டி வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக அவரை போட்டாள். விதை கொடுத்தது ராக்கம்மாக்கா.

இதைச் சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள். நானும் ஊருக்கு ஊர் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் சொல்லும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுத்தான் சொல்வேன்.

அன்று காலை நான் கோயில் பூசைக்குப் பக்கத்து டவுனான நோர்வூட்டுக்குக் கிளம்பினேன். பாலத்தடியில் ராக்கம்மாக்கா ராணியைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நோர்வூட்டில் ஒரு தேநீர்க் கடைக்காரர் பாலுக்காக ஆடு வளர்ப்பவர். வெட்டமாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தாராம். ராணிக்குக் கோட்டை அவள் கழற்றவில்லை. ஊசியை மட்டும் எடுத்துவிட்டிருந்தாள்.

வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள், என்னிடம் இல்லை, ஆட்டிடம்.

"நீ ஒரு எலையத் தொட்டிருப்பியாடி? ஒரு காயக் கடிச்சிருப்பியா? வாய் கூசாம ஒன்னயப் போயி மேஞ்சேன்னுட்டேனே. அதுவும் தொரை முன்னால, அத்தன சனத்துக்கு முன்னால."

கீழ்டிவிஷன் லயத்தைத் தாண்டும்போது துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் விலாவில் இடித்து, "இன்னைக்கு யாருக்கு வுழுவுது?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நானும்தான் இப்போது சாடை தெரிந்தவளாயிற்றே. இது கணக்கப்பிள்ளைக்கா, துரைக்கா என்று மனசுக்குள் பொருத்திப் பார்த்தேன்.

லயம் போய், கடை போய், கவ்வாத்து வெட்டிய மொட்டை மலை வந்தது. ரோட்டில் எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. அவள் நிறுத்தவில்லை.

"என் காம்பராவக் காப்பாத்திக்க ஒன்னய வித்துட்டேன்டி. ஒனக்கு வாய் இருந்தா இல்லன்னு சொல்லியிருப்ப. ஒனக்கு வாய் இல்லன்னுதானே அப்படிச் சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. கேட்கிற தூரத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதுதானே சட்டம்? அங்கே இருந்தது நான் ஒருத்திதான். வாய் இருந்தும் ஆபீஸில் இல்லையென்று சொல்லாதவளும் நான்தான். நடையை எட்டிப் போட்டு அவள் பக்கத்தில் போனேன்.

"அக்கா, இது எனக்கா?"

அவள் திரும்பினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. காலைத் தூறல் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"எது டீச்சரம்மா?"

"இப்பப் பேசிட்டு வர்றீங்களே, அது. யாருக்கு?"

நான் என்ன கேட்கிறேன் என்பதே அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கையை ராணியின் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஆட்டுக்குத்தான் டீச்சரம்மா. வேற யாருக்கு?"